‘முடி’க்கு ஏன் கலர் வரல?

பைத்தான் கோடை வெப் பக்கத்துல போட்டா, ஹைலைட்.ஜேஎஸ் மாதிரி ஒரு லைப்ரரி அழகா கலர் அடிச்சுக் கொடுத்துடும். அதே இடத்துல எழில் கோடைப் போட்டா? மேற்கோளுக்குள்ள இருக்குறதுக்கும் எண்களுக்கும் ஏதோ கலர் வரலாம். முக்கியமான சொற்கள் எல்லாம் கறுப்பாவே நிக்கும்.

எழில், முத்தையா அண்ணாமலை உருவாக்கின தமிழ் நிரல்மொழி. திரையில காட்ட ‘பதிப்பி’, ஃபங்ஷனுக்கு ‘நிரல்பாகம்’, பிளாக்கை மூட ‘முடி’. முதல் தடவையா நிரல் எழுதுற ஒரு பிள்ளைக்கு, எது மொழியோட சொல், எது தானே வச்ச பெயர்னு பார்த்ததும் காட்டிக் கொடுக்குறது இந்தக் கலர்தான்.

சரி, அந்த லைப்ரரிக்கு எழிலோட சொற்பட்டியலை நாமே எழுதிக் கொடுத்துடலாமே? கொடுக்கலாம். அப்பவும் கலர் வராது. காரணம் ரெஜெக்ஸ். ஹைலைட்.ஜேஎஸ் சொற்களைப் பிரிக்க, நாம வேற சொல்லலைன்னா, பேக்ஸ்லாஷ் டபிள்யூவைத்தான் எடுத்துக்கும். ஜாவாஸ்கிரிப்ட்ல அதுக்கு அர்த்தம் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு. அவ்வளவுதான். சொல்லோட எல்லையைக் காட்டுற பேக்ஸ்லாஷ் பியும் அதே கணக்குத்தான். ‘முடி’க்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விட்டாலும் அதுக்கு எல்லை தெரியாது. ஒட்டி ஒரு ஆங்கில எழுத்தைப் போடுங்க, உடனே எல்லை தெரியும்! கொடுமை.

எல்லையே வேணாம்னு விட்டா, ‘முடிவு’ங்கிற மாறியோட முதல் பாதிக்கு மட்டும் கலர் ஏறும். என்னைக் கேட்டா, தப்பான கலருக்குக் கறுப்பே தேவலை.

2018 எக்மாஸ்கிரிப்ட்ல யூனிகோட் வகைகளும் லுக்பிஹைண்டும் வந்துச்சு. முன்னாடியும் பின்னாடியும் எந்த எழுத்தும் ஒட்டி இருக்கக் கூடாதுன்னு அதை வச்சு எழுதலாம். அதுலயும் ஒரு பொறி இருக்கு. யூனிகோட் கணக்குல துணைக்காலும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில வராது, ‘குறி’ வகை. எழில்ல ‘ஆக’ன்னு ஒரு சொல் உண்டு, ஃபார் லூப்புக்கு. எழுத்து வகையை மட்டும் தடுத்தா, ‘ஆகும்’ங்கிற மாறிக்குள்ளயும் ‘ஆக’ சிக்கும், ஏன்னா அடுத்து நிக்கிறது உகரக் குறி. ரெண்டு வகையையும் சேர்த்தே தடுக்கணும். எண்ணையும் அடிக்கோடையும் கூட.

பைத்தான் பக்கமும் இதே கதை. பைத்தான் 3-ல ‘முடிவு’ன்னு மாறி வைக்கலாம், ஓடும். ஆனா அதோட ரெஜெக்ஸ்ல பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் போட்டுத் தேடினா முதல்ல கிடைக்கிறது ‘ம’ மட்டும்.

எழுதிப் பார்க்கிறவங்க ‘முடிவு’, ‘ஆகும்’ ரெண்டையும் டெஸ்ட்ல போட்டுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.