வடக்குப்பட்டு மழையை யார் எழுதுவது?



ஒரகடம், வடக்குப்பட்டு பகுதித் தொழிற்சாலைகளுக்கு மழைநீர்க் கால்வாய் வடிவமைப்பது என் வேலை. "எத்தனை சென்டிமீட்டர் மழைக்குத் தாங்கணும்?" என்பதுதான் முதல் கேள்வி.

உலகத் தட்பவெப்பக் கணினி மாதிரிகள் பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கின்றன. கட்டத்துக்கு ஒரே மழை எண். ஆனால் 2015 டிசம்பர் 2 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாம்பரத்தில் 49 செ.மீ.! ஒற்றை எண்ணை நம்பிக் கால்வாய் வெட்ட முடியுமா?

இதற்கொரு வழி உண்டு. காற்று, ஈரப்பதம், கடல்மட்ட அழுத்தம் ஆகியவற்றின் பெரிய போக்கை மாதிரிகள் மழையைவிட நன்றாகவே சொல்லும். அதுபோன்ற நாட்களில் நம்ம ஊர் மழைமானி என்ன காட்டியது என்று பழைய பதிவுகளில் தொடர்பு கண்டு, அதை வருங்காலத்துக்குப் பொருத்துகிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 2006-ல் இந்திய மழைக்கு இப்படிச் செய்து காட்டினார்கள்.

ஆனால் இந்த முறை, பதிவில் காணாத பெருமழைக்குத் தடுமாறும். பதிவே இல்லாத ஊரிலோ தொடங்கவே முடியாது.

ஆகவே, வடக்குப்பட்டுக்குப் பக்கத்திலிருக்கும் நம் கல்லூரித் திடலில் ஒரு மழைமானி வைப்போம். செலவு பழைய மாணவர்களாகிய எங்களுடையது. தினமும் காலை 8.30-க்கு அளந்து நோட்டில் எழுதுவது உங்களுடையது. பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று எழுதுங்கள். முப்பது வருடம் கழித்து இங்கே கால்வாய் வெட்ட வருபவர் அந்த நோட்டைத்தான் தேடுவார்.