தறியும் அறிவுப் பொறியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு என் உரையைத் தொடங்குகிறேன். என் மகளின் கூறைப்புடவைக்காகச் சென்ற ஆண்டு காஞ்சிபுரம் சென்றிருந்தோம். மயிலும் கொடியும் படர்ந்த முந்தானைப் படம் ஒன்றை அவள் கைப்பேசியில் கொண்டுவந்தாள். அதை வரைந்தது மனிதர் கை அன்று, செயற்கை நுண்ணறிவு. நெசவாளர் ஒருவரிடம் அதைக் காட்டி, "படம் இருக்கிறது, நெய்தால் போதும். வரைவுக்குத் தனிக்கூலி எதற்கு?" என்று கேட்டேன்.

அப்பெரியவர் நெடுநேரம் படத்தை நோக்கினார். "அழகாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் இந்தத் தோகையில் சரிகை பிடிப்பில்லாமல் மிதக்கும். வளையல் பட்டால் இழுத்துக்கொண்டு வரும்" என்றார். பின்னர்ப் பல நாள் அமர்ந்து, கட்டத்தாளில் கட்டம் கட்டமாக அம்மயிலைத் திருத்தி வரைந்தார். பொறி கண்டது மயிலின் தோற்றம்; அவர் கண்டது இழையின் இயல்பு.

அவர் தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டி இருந்தது. அதன் வரலாறு நாம் எண்ணிப்பார்க்கத் தக்கது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளால் தறிக்குக் கோலம் உணர்த்தும் முறையைச் செம்மை செய்தார். துளை உள்ள இடத்து இழை உயரும். இல்லாத இடத்து இழை தாழ்ந்து நிற்கும். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு அவ்வட்டை முறையையே மேற்கொண்டார். அப்பொறி தானாக எதையும் தோற்றுவிக்காது, ஏவியதையே செய்யும் என்று ஏடா லவ்லேஸ் அம்மையார் 1843-இல் எழுதினார். கணிப்பொறியின் முன்னோருள் தறியும் ஒன்று!

இன்றைய அறிவுப் பொறியோ, மாந்தர் படைத்த எண்ணிறந்த படங்களைக் கற்றே வரைகிறது. அவற்றுள் நெசவாளர் தலைமுறை தலைமுறையாக வளர்த்த கோலங்களும் அடங்கும். கோலம் எஞ்சுகிறது, பெயர் மறைகிறது. இதுவே இக்கலைஞர்களின் மனக்குறை.

பொறியைக் கண்டு அஞ்சாத கலைஞரும் உளர். அமெரிக்காவின் நவஹோ இனத்து நெசவுக் கலைஞர் மாரிலூ ஷுல்ட்ஸ், இன்டெல் நிறுவனம் வேண்டியவாறு, பென்டியம் சில்லின் உட்கோலத்தை 1994-இல் கம்பளி நூலால் கைத்தறியில் நெய்தார். ஆங்கே பொறி கோலமாயிற்று. அதை நெய்தவர் பெயரும் நிலைத்தது.

நம் நெசவாளர் பெயர் நிலைக்க வேண்டாமா? தாய்மார்களே, படம் எங்கிருந்து வந்தாலும், அதைத் தறிக்கு ஏற்பத் திருத்துபவரின் கூலியைக் குறைக்காதீர்கள். நெய்தவர் பெயரைக் கேட்டு எழுதிப் புடவையோடு வையுங்கள். பேத்திக்கு அப்புடவை சேரும்போது அப்பெயரும் சேரட்டும்.

அப்பெரியவருக்கு வரைவுக் கூலியைக் கொடுத்தேன். மறுத்துக் கேட்ட சொல்லைத்தான் திரும்பப் பெற இயலவில்லை.