கண் சொட்டு மருந்தும் கருவிழி நலமும்

 

‘கண்ணில் பிரஷர்’ என்று மக்கள் கூறும் கிளாக்கோமா, பெரும்பாலும் வலியின்றி வந்து பார்வையைக் கவரும் நோயாகும். கண்ணினுள் நீரழுத்தம் மிகுவதால் பார்வை நரம்பு சிறிது சிறிதாக நைகின்றது. அதனால் இழந்த பார்வை மீள்வதில்லை. ஆதலின் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தைப் பலரும் வாழ்நாள் முழுதும் இட வேண்டியவராகின்றனர்.

அம்மருந்து முதலில் படும் இடம் கருவிழியின் மேலுள்ள தெளிந்த படலம். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடைய அதனில் இரத்தக் குழாய்கள் இல்லை. கண்ணீரே அதற்குக் காவல். குப்பியினுள் கிருமி சேராதிருக்கப் பல மருந்துகளில் பென்சால்கோனியம் குளோரைடு கலக்கப்படுகின்றது. சோப்பின் தன்மையுடைய அப்பொருள் கிருமியை அழிப்பதோடு நில்லாது, கண்ணீர்ப் படலத்தைக் கலைத்து, கருவிழியின் மேற்செல்களையும் நலிவிக்கும். உறுத்தல், எரிச்சல், சிவப்பு, மங்கல் ஆகியவை அதன் அடையாளங்கள். நாள்தோறும் இடும் சொட்டுகள் பெருகப் பெருகத் தொல்லையும் பெருகும்.

மருந்தின் இயல்பாலும் சிலர்க்குத் தீங்கு நேர்வதுண்டு. டைமோலால் கருவிழியின் உணர்ச்சியைக் குறைக்கக்கூடும். அப்போது புண் உண்டாயினும் வலி தோன்றாது போகலாம். கருவிழியிலிருந்து நீரை வெளியேற்றும் உட்புறச் செல்கள் குறைந்தவர்க்கு டார்சோலமைடு வீக்கம் தரலாம். முன்னர் ஹெர்பிஸ் கிருமியால் கருவிழி தாக்குண்டவர்க்கு லேட்டனோப்ராஸ்ட் அந்நோயை மீண்டும் எழுப்பலாம். ஆதலின் பழைய கண்நோய், அறுவை ஆகியவற்றை மருத்துவரிடம் மறையாது கூறுதல் வேண்டும்.

இவற்றைக் கேட்டு எவரும் மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. எரிச்சல் கண்ணுக்குத் தெரியும்; நரம்பின் அழிவோ தெரியாது. முதியோர் பலர் பிள்ளைகளுக்குச் சுமையாகலாகாது என்றெண்ணி, ஒருவரிடமும் உரையாமல் சொட்டை விட்டுவிடுகின்றனர். இதுவே பெருங்கேடு. காப்புப்பொருள் கலவாத சொட்டுகள் உள்ளன. இரு மருந்துகளை ஒரே குப்பியில் சேர்த்தும் தருகின்றனர். தக்கவர்க்கு லேசர் சிகிச்சையும் உண்டு. எது ஏற்றது என மருத்துவரே தேர்வார்.

ஒரு வேளைக்கு ஒரு மருந்தில் ஒரு சொட்டே போதும். மறு மருந்துக்கு 5 நிமிட இடைவெளி வேண்டும். குப்பியின் நுனி கண்ணில் படலாகாது. சொட்டு இட்டபின் கண்ணை மூடி, மூக்கையொட்டிய உள்மூலையை விரலால் மெல்ல அழுத்துதல் நன்று. கடும் வலியோ திடீர் மங்கலோ தோன்றின் அன்றே மருத்துவரை நாடுக.

இல்லத்து இளையோர் பெரியவர்களிடம், “மருந்து இட்டீர்களா?” என்று மட்டும் கேளாது, “இட்டபின் கண் எப்படி இருக்கிறது?” என்றும் கேட்பாராக. கண் சிவந்தால் குப்பியை எறிய வேண்டா. அக்குப்பியோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.