சின்னத் தட்டில் சுட்ட பிஸ்கட்டும் எங்கள் கணக்கு நோட்டும்

(பட்டறிவுப் பயணமாகத் திருவொற்றியூர் வந்த மீஞ்சூர், பொன்னேரி பகுதிக் குழு உறுப்பினர்களிடம் எங்கள் குழுவின் சார்பில் பேசியது)



காலையிலேயே சோறு ஆக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கும்மிடிப்பூண்டி லைன் ரயிலைப் பிடித்து வந்திருக்கீங்க. வழியில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, கன்டெய்னர் லாரி வரிசை எல்லாம் பார்த்திருப்பீங்க. உள்ளே வந்ததும் ஒரு அக்கா கேட்டாங்க, "இந்தத் தூசியில உட்கார்ந்தா பிஸ்கட் சுடறீங்க?" என்று. நல்ல கேள்வி. அதற்கும் பதில் சொல்கிறோம். முதலில் நாங்கள் ஏன் இந்த வேலைக்கு வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் குழுவில் 12 பேர். ஐந்து பேர் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவர்கள். மற்றவர்கள் வீட்டு வேலை, தையல், கம்பெனியில் பேக்கிங் வேலை என்று போகிறவர்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது 2017 முதல் 61 நாளாகிவிட்டது. மீன் பெருக வேண்டும், அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் மீன் விற்கிற பெண்ணுக்குக் கூடை காலி. உள்கடன் கேட்டு வருவதும் அப்போதுதான், சேமிப்பு கட்ட முடியாமல் போவதும் அப்போதுதான். அந்த 61 நாளுக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் 2018-ல் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ஊறுகாய், மசாலாப் பொடி எல்லாம் பேசி, கடைசியில் நெய் பிஸ்கட்டில் வந்து நின்றோம்.

நெய் பிஸ்கட்டை வடநாட்டில் நான்கட்டாய் என்பார்கள். சூரத்தில் டச்சுக்காரர்கள் வைத்திருந்த ரொட்டிக் கடையை அவர்கள் போன பிறகு ஒரு பார்சிக்காரர் எடுத்து நடத்தினாராம். விற்காமல் காய்ந்துபோன ரொட்டியை ஜனங்கள் விரும்பி வாங்க, அதிலிருந்துதான் இந்த மாதிரி பிஸ்கட்டெல்லாம் வந்தது என்று சொல்வார்கள். பார்சிகள் நம் ராயபுரத்திலும் இருக்கிறார்கள், 1910-ல் கட்டிய அவர்களுடைய அக்னி கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. விற்காமல் நின்ற சரக்கில் பிறந்த பண்டம் என்று கேட்டதும் எங்களுக்குப் பிடித்துப்போச்சு!

ஒரு ஈடுக்கு எங்கள் அளவைச் சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள். மைதா 200 கிராம், கடலை மாவு 50 கிராம், பொடித்த சர்க்கரை 125 கிராம், நெய் 150 கிராம், தயிர் ஒரு ஸ்பூன், சோடா மாவு இரண்டு சிட்டிகை, ஏலக்காய், துளி உப்பு. நெய் உருகி ஓடக் கூடாது, உறைந்து வெண்ணெய் போல இருக்க வேண்டும். நெய்யையும் சர்க்கரையையும் வெள்ளையாகும் வரை கையால் தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிஸ்கட் கல்லாகும். பிறகு தயிர், கடைசியில் சலித்த மாவு. மாவை அழுத்திப் பிசையாதீங்க, சேர்த்துப் பிடித்தால் போதும். 15 கிராம் உருண்டையாக 36 வரும். தட்டுக்கு 18, இரண்டு தட்டு. 170 டிகிரியில் 18 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், "வேகலையே" என்று மறுபடி உள்ளே தள்ளக் கூடாது. ஆறினால் தானே இறுகும்.

காரம் வேண்டும் என்றால் ஓம பிஸ்கட். மைதா 200, வெண்ணெய் 100, உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஓமம், அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், பிசைய இரண்டு ஸ்பூன் தயிர். தேய்த்து, வெட்டி, முள்கரண்டியால் குத்திவிட்டுச் சுடுங்கள். கறிவேப்பிலை போடுவதாக இருந்தால் மொறுமொறுவென்று வறுத்துப் போடணும். பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே பிஸ்கட்டை நமுக்க வைத்துவிடும்.

இப்போது எங்கள் தவறைச் சொல்கிறோம். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் ஜெயித்த கதையை மட்டும் சொல்லி அனுப்புவது எங்களுக்குப் பிடிக்காது.

முதல் நான்கு வருடம் சின்னச் சின்ன ஈடாகப் போட்டு, தெருவிலும் இரண்டு டீக்கடையிலும் விற்றோம். 2022 கிறிஸ்துமஸுக்கு ஒரு கம்பெனியிலிருந்து 40 கிலோ ஆர்டர் வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. சேமிப்பிலிருந்து பணம் எடுத்து நெய்யும் மாவும் வாங்கினோம். கல்யாண வீட்டு அன்னக்கூடையில் பத்துக் கிலோ மாவை ஒரே தடவையாகப் பிசைந்தோம். முதல் நாலு தட்டு அழகாக வந்தது. அடுத்த தட்டு அப்பளம் மாதிரி பரவியது, அதற்கடுத்தது மேலே வெடிப்பே இல்லாமல் மொழுக்கென்று வந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. சோடா மாவு ஈரம் பட்டவுடன் வேலையை ஆரம்பித்துவிடும். மாவு மூன்று மணி நேரம் காத்துக்கிடந்தால் அதன் சக்தி போய்விடும். அடுப்புச் சூட்டில் அறை கொதித்து நெய்யும் உருகிவிட்டது. விடிய விடியச் சுட்டு, நேரமாகிவிட்டதென்று வெதுவெதுப்பாகவே பாக்கெட்டில் போட்டு ஒட்டினோம். உள்ளே ஆவி நின்று எல்லாம் நமுத்துப்போச்சு. பாதிச் சரக்கு திரும்பி வந்தது. 11,000 ரூபாய் நஷ்டம். வாங்கினவர்கள் மேல் குறையே இல்லை, நாங்களாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்போம்.

அந்த மாதக் கூட்டம் நடந்த விதத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "என் சேமிப்பைக் கொடுத்துடுங்க, நான் விலகிக்கறேன்" என்று இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். ஊக்குநர் அழுதுவிட்டார். அன்று கணக்கு நோட்டை நடுவில் வைத்து, 40 கிலோவை விட்டுவிட்டு நாலு வருடக் கணக்கையும் முதலிலிருந்து பார்த்தோம். பார்த்தால், நஷ்டம் அந்த ஆர்டரில் மட்டும் இல்லை. நாலு வருடமாகவே நஷ்டத்தில்தான் விற்றிருக்கிறோம்!

எப்படி என்று கேளுங்கள். விலை ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஈடுக்கு நெய் 105 ரூபாய், மாவு, சர்க்கரை, மற்றது 25. ஆக 130. ஒருத்தி காலையில் நாலு மணி நேரத்தில் நாலு ஈடு போடுவாள். பொருள் 520 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு கிலோ வரும். உடைந்தது, ருசி பார்த்தது போக 200 கிராம் பாக்கெட் ஒன்பது. பாக்கெட் 70 ரூபாய் என்று 630-க்கு விற்றோம். "110 ரூபாய் லாபம்" என்று நோட்டில் எழுதியிருந்தோம். கரண்டு 30 ரூபாய், கவரும் லேபிளும் 36 ரூபாய் எங்கேயும் இல்லை. நாலு மணி நேரம் நின்றவளுக்குக் கூலி? மணிக்கு 60 என்று வைத்தாலும் 240. எல்லாம் சேர்த்தால் 826. அதாவது ஒவ்வொரு காலையும் 196 ரூபாயை எங்கள் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

லிஜ்ஜத் அப்பளம் உங்களுக்குத் தெரியும். 1959 மார்ச் 15-ல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் ஆரம்பித்தது, முதல் நாள் நாலே பாக்கெட். இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். மாவைப் பொது இடத்தில் பிசைந்து கொடுப்பார்கள். பெண்கள் வீட்டில் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுத்தால் தேய்ப்புக் கூலி உண்டு. கூலி முதலில், லாபம் பிறகு. 'நம்ம வேலைதானே' என்று யாரும் அங்கே சும்மா தேய்ப்பதில்லை.

நாங்களும் மாற்றினோம். பொருளை மொத்தமாக வாங்கி, ஈடு ஈடாக எடை போட்டு நாலு வீட்டுக்குக் கொடுக்கிறோம். பத்துக் கிலோ அன்னக்கூடை விற்றாச்சு. அவரவர் வீட்டில் சின்னத் தட்டில் சுட்டு, ஆறவைத்துக் கொண்டுவர வேண்டும். ஒரு ஈடு கெட்டால் 130 ரூபாயோடு போச்சு, சேமிப்பில் கை வைக்க வேண்டாம். சுட்டவளுக்கு அன்றே கூலி. பாக்கெட் விலை 110 ஆக்கினோம். "பேக்கரியில 50 ரூபாய்க்குக் கிடைக்குதே" என்று சிலர் போய்விட்டார்கள், போகட்டும். விலை குறைந்த பிஸ்கட்டில் பெரும்பாலும் இருப்பது வனஸ்பதி. அதில் கெட்ட கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதென்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. அந்த விலைக்கு நாம் இறங்கினால் நெய்யை விட வேண்டும், இல்லையென்றால் கூலியை விட வேண்டும். இரண்டுக்கும் நாங்கள் தயாரில்லை.

அடுத்த வருடமே சோதனை வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. படகு, வலை எல்லாம் கறுப்பு. தண்ணீர் வடிந்த பிறகும் "எண்ணூர் மீனா? வேண்டாம்மா" என்று ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். எங்கள் ஐந்து பேர் காசிமேட்டு மீனைத்தான் விற்றார்கள், ஆனாலும் யாரும் நம்பவில்லை. கரண்டும் இல்லை, ஓவன் சும்மா கிடந்தது.

அப்போது கை கொடுத்தது கல்லுப்பு. அடி கனமான பழைய அலுமினியப் பாத்திரத்தில் ஒரு கிலோ கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்கணும். பிறகு தட்டை வைத்து, தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம். முதலில் இரண்டே பிஸ்கட் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். அந்த உப்பைத் திரும்பத் திரும்பச் சுடவே வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு வேண்டாம். ராயபுரம் பக்கம் கிறிஸ்துமஸ் வேலை ஆரம்பித்திருந்தது. ராயப்பர் என்றால் பேதுரு, அவர் பெயரில் வந்த ஊர்தானே, அங்கே கிறிஸ்துமஸ் சும்மா போகாது. வீடு தண்ணீரில் நின்றதால் பலருக்குப் பலகாரம் செய்ய வழியில்லை. கல்கல், அச்சு முறுக்கு கேட்டார்கள். அது எண்ணெயில் பொரிப்பதுதான், இருந்தாலும் செய்து, கூடவே நெய் பிஸ்கட்டும் கொடுத்தோம். ஒரு வீட்டுக்கு அரைக் கிலோ, ஒரு வீட்டுக்குக் கால் கிலோ. யாருக்கும் 40 கிலோ இல்லை. மீன் விற்கும் ஐந்து பேரும் அந்த மாதச் சேமிப்பைக் கட்டினார்கள். விலகுகிறேன் என்று எழுந்தவர்களில் ஒருத்தர் அந்த ஐந்து பேரில் உண்டு. இன்று உங்களுக்கு டீ கொடுத்ததும் அவர்தான்.

தூசிக்கு வருவோம். துறைமுகத் தூசி, லாரிப் புகை, சாம்பல் எல்லாம் இங்கே உண்டு. அதனால் லாரி நடமாட்டம் குறைந்த விடியற்காலையில்தான் சுடுகிறோம். ஜன்னலைச் சாத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் மாவைத் தொடுவது. ஆறவைக்கும் தட்டுக்கு வெள்ளைத் துணி. அதைவிடப் பெரிய தொல்லை கருவாடு! நெய் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். கருவாடு காயும் வீட்டில் அன்று ஈடு கிடையாது. கடல் காற்றில் அரை மணி திறந்து வைத்தாலே நமுக்கும், ஆகவே நன்றாக ஆறியதும் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். வெறும் முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரியில் செய்யும் தூத்துக்குடி மக்ரூனுக்கும் இதே பாடுதான்.

உங்கள் ஊரில் காற்று நல்ல காற்று. கேழ்வரகு, கம்பு வீட்டிலேயே இருக்கிறது. கேழ்வரகில் மைதா போல ஒட்டும் தன்மை கிடையாது, தனியாகப் போட்டால் உதிரும். வாசனை வர வறுத்து, பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேருங்கள். நாட்டுச் சர்க்கரை ஈரம் பிடிக்கும், அதனால் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகச் சுட வேண்டியிருக்கும்.

வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். 14 இலக்க எண் தருவார்கள். அந்த எண், சேர்த்த பொருட்கள், எடை, விலை, செய்த தேதி, எதற்குள் சாப்பிடணும், முகவரி எல்லாம் லேபிளில் வர வேண்டும். சைவத்துக்குப் பச்சைக் குறி, முட்டை சேர்த்தால் பழுப்புக் குறி. முட்டையைப் போட்டுவிட்டுப் பச்சை ஒட்டாதீங்க, வெள்ளிக்கிழமை விரதக்காரங்க வாங்கிச் சாப்பிட்டுட்டா பெரிய பாவம்.

சாப்பாடு ஆனதும் மாடிக்கு வாங்க. கல்லுப்புப் பாத்திரத்தை ஏற்றி வைக்கிறோம், மாவை உங்களில் இரண்டு பேர் பிசையணும். தராசு எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில்தான் வரணும்.