மாவுக்கட்டு பிரித்த பிறகு



ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பெண்ணுக்கு மணிக்கட்டுதான் பிழைப்பு. ஓடும் ஊசிக்கு அடியில், வளைவுக்குத் தக்கபடி தோலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி மோதி அந்த எலும்பு முறிந்தால்? சில வாரங்களில் மாவுக்கட்டைப் பிரித்துவிடுவார்கள். கை பழையபடி திரும்புமா என்பது வேறு கேள்வி.

டாக்டர் பதினைந்து சதவீத ஊனம் என்று சான்று தரலாம். அதனால் வருமானமும் பதினைந்து சதவீதம்தான் குறையும் என்று கணக்குப் போடக்கூடாது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இடது கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடலாம். அரசு அலுவலக எழுத்தருக்கு அவ்வளவு இழப்பு இராது. ஆகவே, இழப்பீட்டு மனுவில் ‘கூலித் தொழிலாளி’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது பெரிய அநியாயம். அந்தக் கை என்ன வேலை செய்தது என்று விவரமாக எழுத வேண்டும்.

கம்பெனிக்கு வெளியே நடந்ததாயிற்றே, தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பணம் தருமா? இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. 1971-இல் கேரளத்தில் ஷிப்ட்டுக்கு சைக்கிளில் போன தொழிலாளி மீது லாரி மோதியது. ஆலைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான். அது பணிக்காயம் ஆகாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. பிறகு, 2010-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதானால், இன்று பணிக்காயம்தான். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் மீது விபத்துத் தீர்ப்பாயத்தில் தனியாக வழக்கும் போடலாம்.

எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவின்படி, யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம். வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் அரசுத் திட்டத்தில் 50,000.

இந்தப் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குக் கிளம்புகிறவர்கள் நிறைய. போகட்டும், அதற்கு முன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, ஏ.ஆர். காப்பி வாங்கிவிட வேண்டும். அதுவும் எப்.ஐ.ஆரும் இல்லாத வழக்கு தீர்ப்பாயத்தில் தள்ளாடும். மனுப் போட 2022 ஏப்ரலிலிருந்து ஆறு மாதக் கெடுவும் இருக்கிறது.

வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்கும் பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பே இல்லை; வக்கீல் இலவசம். தொலைபேசி எண் 15100.