தால்ச்சாவின் பக்குவம்

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள வீதிகளிலே, நெய்ச்சோற்றுக்குத் துணையாக விளங்கும் தால்ச்சா என்னும் பதார்த்தத்தை, ஆட்டெலும்பும் பருப்பும் உருளைக்கிழங்கும் கேரட்டும் கொண்டு வீட்டில் சமைக்க விரும்புவோர் அறியவேண்டிய சூக்ஷ்மம் ஒன்று உண்டு.

எலும்பை ஒட்டிய தசைநாரிலுள்ள கொலாஜன், இளந்தீயில் ஏறத்தாழ 2 மணி நேரம் வெந்த பின்னரே ஜெலாட்டினாக உருமாறிச் சாற்றுக்குக் கனம் அளிக்கிறதாதலால், எலும்பை முதலில் வேகவிட்டு, கிழங்குகளைக் கடைசி அரைமணியில் சேர்ப்பதே உசிதம். புளிக்கரைசலை ஊற்றுவதற்கோ இன்னும் பொறுமை வேண்டும். அமிலமானது காய்களின் பெக்டினைக் கரையவொட்டாமல் தடுப்பதால், புளி முந்திக்கொண்டால் கிழங்கு எளிதில் குழையாது. கிழங்கு வெந்ததும் புளி, அதன்பின் தாளிப்பு என்ற கிரமத்தை அனுசரித்து, இன்றே செய்து பாருங்கள்.