முக்குடையின் நிழல்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் கோடம்பாக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகப்பெருமானின் திருவடிகளை வணங்குகின்றேன். 

நம் ஆலயத்தில் இறைவன் திருவுருவை நோக்குங்கால், அவன் தலைக்குமேல் முக்குடையைக் காண்கின்றோம். மூவுலகத் தலைமைக்கு அஃது அடையாளம் என்பர் ஆன்றோர். அதனோடு ஒன்று சொல்வேன்: குடை நிழல் தருவது. அவன் அமர்ந்த அசோகமும் நிழல் தருவதே. நிழலில் அமர்ந்தவனை வணங்கும் நாம், நிழலற்றவர்க்கு என் செய்தோம்?

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நம் அறநூல்கள் தானத்தை நான்காக வகுத்தன. விழாவில் அன்னதானம் செய்கின்றோம். மருத்துவ முகாம் நடத்துகின்றோம். மாணவர்க்கு உதவித்தொகை வழங்குகின்றோம். நான்காவதாகிய அபயதானம் மட்டும் சொல்லளவில் நின்றுவிட்டது. முன்னோர் அவ்வாறு விடவில்லை. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், அதியமான் நெடுமான் அஞ்சி பள்ளி ஈந்த செய்தி பழந்தமிழ் எழுத்தில் பாறைமேல் பொறிக்கப்பட்டுள்ளது. வெயிலும் மழையும் தாக்காத குகையே அப்பள்ளி. பிற்காலக் கல்வெட்டுகள் ‘அஞ்சினான் புகலிடம்’ என்றோர் அரிய தொடரையும் நமக்குத் தருகின்றன.

இன்று நம் தெருவில் அஞ்சி நிற்பவர் யார்? 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், எரிவாயு, மின்சார விலையேற்றத்தால் பிரித்தானியாவில் பலர் வீட்டைச் சூடாக்க இயலாது நடுங்கினர். நூலகங்களும் வழிபாட்டு இடங்களும் வெதுவெதுப்பான கூடங்களைத் திறந்து, வருவோர்க்கு இருக்கையும் தேநீரும் அளித்தன. நம் ஊரில் குளிர் இல்லை. ஆனால் அதே இன்னல் வெயிலாக வருகின்றது. 2003 மே 31 அன்று, நமக்கு அண்மையிலுள்ள நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தொட்டது. கடற்காற்று பிந்தும் நாளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் நண்பகலைக் கழிப்பவரை எண்ணிப் பாருங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உடல் தணியாது. குளிர்சாதனம் வாங்க அவர்க்கு வகையில்லை. வாங்கினும் மின்கட்டணம் செலுத்த இயலாது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. 2025இல் சென்னை மாநகராட்சி, அண்ணா நகரில் உணவு விநியோகிக்கும் தொழிலாளர்க்கெனக் குளிரூட்டிய ஓய்வறை அமைத்தது.

இனி நான் கூறுவது என் பிழை. சென்ற ஆண்டு அக்னி நட்சத்திர நாளொன்றில், இவ்வரங்கின் படியில் தெருவைத் துப்புரவு செய்யும் அம்மையார் ஒருவர் தலையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். விழா இல்லாத நாளில் அரங்கைப் பூட்டிவைக்க வேண்டுமென்று முன்மொழிந்தது நானே. சாவியும் என் பையில் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், கதவைத் திறக்கவில்லை. அன்று மாலை அவர் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நலம்பெற்றுத் திரும்பியபின், “அன்னிக்கு ஒரு மணி நேரம் நிழல்ல படுத்திருந்தா சரியாப் போயிருக்கும்” என்றார். என்னை அவர் குறை கூறவில்லை. அதுவே என்னை இன்றும் வருத்துகின்றது. ஓரறிவுயிர்க்கும் தீங்கு வாராது அடியெடுத்து வைக்கப் பழகிய நான், ஆறறிவுயிர்க்குக் கதவைத் திறக்க மறந்தேன்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். சித்திரை, வைகாசித் திங்களில் நாள்தோறும் நண்பகல் பன்னிரண்டு முதல் நான்கு மணி வரை இவ்வரங்கைத் திறந்துவைப்போம். பாய், மின்விசிறி, வடிகட்டிய நீர், நீர்மோர், கழிப்பறை ஆகியவை போதும். மாடித்தளத்திற்கு வெண்சுண்ணம் பூசினால் உள்வெப்பம் குறையும். நாளுக்கு இருவர் உடனிருந்தால், முப்பது குடும்பங்கள் முறைவைத்துக் காக்கலாம். தலைசுற்றல் கண்டவரைப் படுக்கவைத்து, ஈரத்துணியால் உடலைத் துடைக்க வேண்டும். நினைவு தடுமாறினால் தாமதியாது 108ஐ அழைக்க வேண்டும்.

ஆலயத் தூய்மை கெடுமோ என்று சிலர் ஐயுறலாம். அரங்கு வேறு, கருவறை வேறு. மேலும், சமவசரணத்தில் விலங்குக்கும் பறவைக்கும் இடமிருந்ததாக நாமே நம் பிள்ளைகட்குக் கற்பிக்கின்றோம். வருபவரின் பெயரையோ சமயத்தையோ வினவ வேண்டா. ‘வாருங்கள், அமருங்கள்’ என்றால் போதும்.

சாவியை இன்று தலைவரிடம் ஒப்படைக்கின்றேன். மீண்டும் பூட்டுவதற்காக அன்று. நாளை நண்பகல் திறப்பதற்காக.

அறம் வளர்க. அனைத்துயிரும் இன்புறுக.